அடி ஸ்டாக்கு எண்ணெய்

இராயப்பனுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். அன்றைக்குக் கினிகத்தேனையிலிருந்து அக்கரப்பத்தனை வரைக்கும் வேனை ஓட்டி வந்த வழியெல்லாம் காது சிவந்தேதான் இருந்தது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே வேனை நிறுத்திவிட்டு இறங்கி வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குப் போனான். மனைவி இசபெல் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடை நாகலெட்சுமி என்னைய என்னான்னு நெனச்சிக்கிட்டு இருக்கா இசபெல்லு? எண்ணெய் வாங்கப் போன எனக்குப் போயி அடி ஸ்டாக்க விக்கப் பாக்குறா!"

இசபெல்லின் கை மாவிலேயே நின்றுவிட்டது.

"அடி ஸ்டாக்கா? உங்ககிட்டயா?"

"என்கிட்டதான். மூஞ்சிக்கு நேரா சொல்றா. வெக்கமே இல்லாம சிரிச்சிக்கிட்டே சொல்றா."

வெளியூர்க்காரர் யாராவது கேட்டிருந்தால் இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார். அந்தத் தோட்டத்தில் 'அடி ஸ்டாக்கு' என்பது சாதாரணச் சொல் இல்லை. நாடு முழுக்க அரிசிக்கும் மாவுக்கும் அல்லாடிய எழுபத்துமூன்று, எழுபத்துநாலில், தோட்டத்து ஸ்டோரில் மேலே இருந்த மூட்டைகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. லயத்துச் சனங்களுக்கு வந்தது எல்லாம் அடியில் கிடந்து, ஈரம் ஏறி, வண்டு விழுந்த மூட்டைதான். "அடி ஸ்டாக்குதான் இருக்கு, எடுத்தா எடு, இல்லாட்டிப் போ" என்பார் ஸ்டோர் கிளாக்கர். அன்றிலிருந்து அந்தத் தோட்டத்தில் கெட்டுப்போன எதற்கும் அதுதான் பெயர். புளித்த பால் அடி ஸ்டாக்கு. சந்தையில் வாங்கி வந்த சொத்தைக் கிழங்கு அடி ஸ்டாக்கு. யாருக்கும் பெண் கொடுக்க மனம் வராத சோம்பேறி மாப்பிள்ளையும் அடி ஸ்டாக்கு. ஆண்டு எண்பத்தைந்து ஆகிவிட்டது, கடைகளில் சாமான் குவிந்து கிடக்கிறது. அந்தச் சொல் மட்டும் உறைப்புக் குறையாமல் அப்படியே இருந்தது.

"எண்ணெயிலயுமா அடி ஸ்டாக்கு?" என்றாள் இசபெல்.

"எஞ்சின் எண்ணெயில. வெளிநாட்டுத் தகரத்துல அடைச்சி, பளபளன்னு படம் ஒட்டி வச்சிருக்கா. 'அண்ணே, குளிருக்கு இத ஊத்துங்க, இதுல பேஸ் ஸ்டாக்கே வேற'ங்கிறா. பேஸுன்னா என்னா? அடி. அந்தளவு இங்கிலீசு எனக்குத் தெரியாதா? விலையக் கேட்டா இருமலே வருது. அடி ஸ்டாக்குக்கு அம்புட்டு விலை! போடின்னு சொல்லாத கொறையா, எப்பவும் ஊத்துற எண்ணெயவே வாங்கிட்டு வந்துட்டேன்."

வேறு சமயமாக இருந்தால் எண்ணெய் விசயத்தை அவன் இவ்வளவு மனதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டான். ஆனால் இது தை மாதம். மேல் லயத்தில் அவன் தங்கச்சி மார்கிரட் நிறைமாசமாக இருந்தாள்.

மார்கிரட்டின் முதல் பிள்ளையும் ஒரு தை மாதத்தில்தான் வந்தது, சொன்ன நாளுக்கு முந்தியே. விடியற்காலையில் வலி எடுத்து, நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்துத் தேயிலை லொறியில் அவளைப் படுக்க வைத்தார்கள். புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. லொறி முனகியது, இருமியது, நின்றுபோனது. லயமே கூடித் தள்ளியது. லொறி கிளம்பியபோது வெயில் வந்திருந்தது; நானுஓயாவைத் தாண்டும்போது பிள்ளை பிறந்து, அழாமலே போய்விட்டது. அன்றைக்கு லொறி ஓட்டிய டிரைவர் இராயப்பன்தான். மறு வருசமே தோட்ட வேலையை விட்டு, இருந்ததையெல்லாம் போட்டு, ஜப்பானில் ஓடிக் கப்பலேறி வந்த அந்த டீசல் வேனை வாங்கினான். ஊர்ச் சவாரிக்கு என்று சொல்லிக்கொண்டான். எதற்கு வாங்கினான் என்று இசபெல்லுக்குத் தெரியும்.

கெட்ட நேரம், வேனும் குளிருக்குப் பயந்தது. பகலில் கினிகத்தேனை மேட்டை ஒரே மூச்சில் ஏறும். பனி விழுந்த காலையில் சாவியைத் திருப்பினால் 'ங்ங்ங்' என்று ஒரு இழுவை, அதோடு சரி. பெட்டரி மாற்றிப் பார்த்தான், எஞ்சினைச் சூடாக்கும் பிளக்குகளை மாற்றிப் பார்த்தான். கோயிலுக்குப் பக்கத்து மேட்டில் நிறுத்தி உருட்டிவிட்டும் பார்த்தான். எஞ்சின் மனம் வைப்பதற்குள் பள்ளம் முடிந்துவிடும். கடைசியில் ஆள் கூட்டித் தள்ளுவதே வழக்கமாகி, வேனுக்குத் 'தள்ளு வேன்' என்றே பெயர் விழுந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற ஆண்கள் அந்தப் பக்கம் வந்தால் யாரும் கூப்பிடாமலே வேனுக்குப் பின்னால் போய்க் கை வைப்பார்கள். அந்த அன்புக்கு இராயப்பன் நன்றி சொல்லிவிட்டு, உள்ளுக்குள் வெந்துபோவான்.

நாள் நெருங்கும்போது நுவரெலியா ஆஸ்பத்திரிக்கே வந்து படுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஆனால் முதல் பிள்ளை நாள் பார்த்தா வந்தது? இதுவும் முந்திக்கொண்டால்? அந்தப் பயத்தை இராயப்பன் வாய்விட்டுச் சொல்லவில்லை. மார்கிரட்டும் சொல்லவில்லை. காலையில் வேன் முனகும் சத்தம் கேட்டால் மட்டும் அவள் லயத்து வாசலுக்கு வந்து, வயிற்றில் கை வைத்தபடி, அது கிளம்புகிற வரைக்கும் நின்று பார்ப்பாள். அதைப் பார்க்கத்தான் அவனுக்குத் தாங்காது.

"ஞாயித்துக்கிழமை பூசை முடியட்டும், நானும் வாறேன். நம்மள ஏமாத்துறவ மூஞ்சிய நானும் ஒருக்கா பாக்கணும்" என்றாள் இசபெல், மாவை ஓங்கி அடித்து.

இசபெல் பிள்ளைக் காம்பராவில் ஆயா. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போனதும் அத்தனை குழந்தைகளையும் ஒரே அதட்டலில் தூங்க வைக்கிறவள். அவள் சண்டைக்கு வருகிறாள் என்றதும் இராயப்பனுக்கு நாகலெட்சுமி மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

அந்த இரக்கம் வீண். கினிகத்தேனைக் கடையில் நாகலெட்சுமி ஒரு ஆணி டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கணவர் மஸ்கட்டில் ஒரு பெரிய கராஜில் ஸ்டோர் பார்க்கிறார். இங்கே கடை அவள் கையில். லொறிக்காரர்களோடு பேசிப் பேசி அவள் தொண்டையும் லொறித் தொண்டையாகவே ஆகியிருந்தது.

"ஏங்க்கா, எங்க வீட்டுக்காரரப் பாத்தா ஒங்களுக்கு எப்படித் தெரியுது?" என்று ஆரம்பித்தாள் இசபெல். "அடி ஸ்டாக்கக் குடுத்து ஏமாத்துறதுக்கு நாங்கதான் கெடச்சமா? நீங்களும் தோட்டத்துல பொறந்தவுங்கதானே?"

நாகலெட்சுமிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் ஆணி டப்பாவை வைத்துவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எதிர்க்கடைப் பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்து, "மொகத நங்கி?", என்ன தங்கச்சி என்று சிங்களத்தில் கேட்கிற அளவுக்குச் சிரித்தாள். இராயப்பனின் காது மறுபடியும் சிவக்கத் தொடங்கியது.

"அடியில கெடந்த மிச்சம்னு நெனச்சிட்டாரா? ஐயோ அண்ணே! பேஸுன்னா இங்க அடிப்படை. அஸ்திவாரம்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இசபெல் பக்கம் திரும்பினாள். "இங்க பாரு தங்கச்சி. சாம்பார் வைக்கிற. மொதல்ல என்னா போடுவ?"

"பருப்பு" என்றாள் இசபெல், சண்டைக் குரலை விடாமல்.

"ஆங். தூளு, பெருங்காயம், கடுகு எல்லாம் பெறகு. எஞ்சின் எண்ணெயும் அப்படித்தான். மொதல்ல வெறும் எண்ணெய். கம்பனிக்காரன் அதுக்கு வச்ச பேருதான் பேஸ் ஸ்டாக்கு. அதுல கறுப்பக் கழுவ ஒரு மருந்து, துரு புடிக்காம இருக்க ஒரு மருந்து, நுரைக்காம இருக்க ஒரு மருந்துன்னு கலக்குறாங்க. மருந்து எம்புட்டு ஒசத்தியா இருந்தாலும், பருப்பு வேகலன்னா அது சாம்பாரா?"

"அப்ப நான் வாங்கிட்டுப் போனதுல பேஸ் ஸ்டாக்கு இல்லையா?" என்றான் இராயப்பன்.

"எல்லா எண்ணெயிலயும் இருக்கு. நீங்க முறுக்கிக்கிட்டு வாங்கிட்டுப் போனீங்களே, அதுலயும் முக்காவாசிக்கு மேல அதுதான்."

இசபெல் புருசனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

நாகலெட்சுமிக்கு இப்போது உற்சாகம் ஏறிவிட்டது. மஸ்கட்டுக்காரர் லீவில் வந்தால் பேசுவதெல்லாம் இதுதான் போலும். "நீங்க ஊத்துறது மண்ணுக்குள்ள இருந்து எடுத்துச் சுத்தம் பண்ணுன எண்ணெய். சுத்தம் பண்ணுனாலும் அதுல பெருசும் சிறுசும் கலந்துதான் கெடக்கும். சல்லடைக்குப் போகாத தேயிலை எப்படி இருக்கும்? குச்சியும் கெடக்கும், டஸ்டும் கெடக்கும், இல்லையா? அதுபோல. அதோட கொஞ்சம் மெழுகும் ஒட்டிக்கிட்டு இருக்கும். குளிர்ல அந்த மெழுகு இறுகி எண்ணெய நகர விடாது. மேட்டுல எஞ்சின் கொதிக்கிறப்ப, டஸ்டு மாதிரி சன்னமா இருக்கிறது புகையாப் போயிரும். இந்தத் தகரத்துல இருக்கிறது சிந்தெட்டிக்கு. ஆலையிலயே சின்னச் சின்னத் துணுக்க எடுத்து ஒரே அளவுல கோத்துக் கட்டுறது. மெழுகு இல்ல, சல்லடையும் வேணாம். குளிர்லயும் ஓடும், கொதியிலயும் நிக்கும்."

"எண்ணெய் கெட்டியா இருந்தாத்தானேம்மா எஞ்சினுக்குப் பலம்?" என்றான் இராயப்பன். லொறிக் காலத்திலிருந்து அவன் கற்ற பாடம் அது, விட மனசில்லை.

"கொதிக்கிறப்ப கெட்டியா நிக்கணும் அண்ணே. விடியக்காலையில கெட்டியா இருந்தா, ஒங்க பெட்டரி பாவம், பாகுக்குள்ள அகப்பையக் கிண்டுற மாதிரி எஞ்சினக் கிண்டிக்கிட்டு இருக்கு. கொஞ்சம் கிண்டிட்டுப் படுத்துக்குது."

இராயப்பனுக்கு அந்த 'ங்ங்ங்' சத்தம் காதுக்குள் கேட்டது. இத்தனை நாளும் பெட்டரியைத் திட்டியிருக்கிறான்.

ஆனால் இசபெல் அவ்வளவு லேசில் இளகுகிற ஆள் இல்லை. "பேச்சு நல்லாத்தான் இருக்குக்கா. அந்தக் காலத்துல எங்க ஸ்டோர் கிளாக்கரும் நல்லாத்தான் பேசுனாரு. எனக்குக் கண்ணால பாக்கணும். ரெண்டு எண்ணெயிலயும் கொஞ்சம் ஊத்திக் குடுங்க. எங்க ஊருப் பனியில வச்சிப் பாத்துட்டு வாறோம்."

நாகலெட்சுமி அவளை ஒரு மாதிரி மதிப்போடு பார்த்தாள். கடைக்குப் பின்னால் போய், கழுவிக் காயவைத்த கால் போத்தல் சாராயப் போத்தல்கள் இரண்டைக் கொண்டு வந்து, இரண்டு எண்ணெயையும் ஊற்றிக் கொடுத்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன்" என்றாள், போத்தலை நீட்டும்போது. "இது எல்லாருக்கும் வேணும்னு நான் சொல்லமாட்டேன். கீழ, சூட்டுப் பக்கம் ஓடுற கெழட்டு லொறிக்கு இத ஊத்துறது வீண்செலவு. ஒங்க எஞ்சின்ல எங்கயாவது ஒயில் சீல் தேஞ்சிருந்தாலும் முதல்ல அத மாத்தணும். இல்லாட்டி ஊத்துனது வீதியிலதான் கெடக்கும்."

விற்கிறவளே 'பார்த்து வாங்கு' என்று சொல்வதை இராயப்பன் தன் ஆயுசில் அன்றைக்குத்தான் கேட்டான். கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் இரண்டு போத்தல்களையும் லயத்துத் தகரக் கூரைமேல் வைத்தார்கள். மறுநாள் விடிந்தபோது தகரம் முழுக்க வெள்ளை பூத்திருந்தது. வீட்டுக்குள்ளேயே தேங்காயெண்ணெய் கல்லாகிக் கிடந்தது. ஏணி வைத்து ஏறின இராயப்பனை, மார்கிரட்டின் புருசன் மத்தியாஸ், பெரட்டுக்குப் போகிற வழியில் பார்த்துவிட்டான்.

"என்னா மச்சான், ரெண்டு கால் போத்தல் கூரையில? பனியில ஊற வச்சா ருசியா இருக்குமோ?"

"வந்து இந்த ஏணியப் புடிடா."

இராயப்பன் முதலில் பழைய எண்ணெய்ப் போத்தலைச் சாய்த்தான். அது உறைந்துவிடவில்லை. ஆனால் பெரட்டுக்குப் போக மனமில்லாதவன் படுக்கையை விட்டு எழும்புகிற மாதிரி, கழுத்துப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து, யோசித்து, மறுபடியும் கொஞ்சம் நகர்ந்தது. மற்றதைச் சாய்த்தான். 'சளக்' என்று ஓடி மூடியில் மோதியது. நிமிர்த்தினான், திரும்பி ஓடியது. சின்னப்பிள்ளை மாதிரி அவன் அதை ஏணிமேல் நின்றபடியே சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தான். கீழே மத்தியாஸ் சிரிப்பதை நிறுத்திவிட்டான். மார்கிரட்டை ஏற்றிய அந்த லொறியின் பின்னால் அன்றைக்குத் தோள் கொடுத்துத் தள்ளினவர்களில் அவனும் ஒருவன். அவனுக்கு யாரும் எதையும் விளக்கத் தேவையில்லை.

"வாங்கு மச்சான். எப்படியாவது வாங்கு" என்றான்.

வாங்கப் போனபோது நாகலெட்சுமி சும்மா விடவில்லை. "அடி ஸ்டாக்கு வேணுமாண்ணே, மேல் ஸ்டாக்கு வேணுமா?" என்று கடைக்கு வந்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டாள். இராயப்பன் சிரித்துக்கொண்டே, "அடி ஸ்டாக்கே குடு தாயி" என்றான். ஒயில் சீல் ஒன்று தேய்ந்திருந்தது, அதை மாற்றினான். எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய எண்ணெயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் வடித்தான், பில்டரை மாற்றினான், புது எண்ணெயை ஊற்றினான். தேன் நிறத்தில் அது இறங்குவதைப் பார்த்தபோது, இவ்வளவு மெல்லிசாக இருக்கிறதே, இது என்ன செய்துவிடும் என்று தகரத்தைத் திருப்பி அதில் ஒட்டியிருந்த படத்தை இன்னொரு தடவை பார்த்தான். அந்தோனியாரே, கைவிட்டுடாதீங்க என்று வேண்டிக்கொண்டு போனட்டை மூடினான்.

அந்தோனியார் அவனுக்கு யோசிக்க நேரம் கொடுக்கவில்லை. அந்த வாரமே, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்க இன்னும் நாள் இருக்கும்போதே, கிழக்கு வெளுக்கிற நேரத்தில் மத்தியாஸ் கதவைத் தட்டினான். "மச்சான், அவளுக்கு வலி வந்திருச்சி" என்றான்.

வெளியே வந்த இராயப்பன் புல்லைப் பார்த்தான். வெள்ளை. வேலியும் வெள்ளை, வேனின் கூரையும் வெள்ளை. அதே மாதம், அதே நேரம், அதே பனி.

இசபெல்லும் மத்தியாசும் மார்கிரட்டைத் தாங்கிக் கொண்டு வந்து பின் சீட்டில் படுக்க வைத்தார்கள். சேதி அதற்குள் லயம் முழுக்கப் பரவிவிட்டது. போர்வையைப் போர்த்தியபடி ஆண்கள் வந்தார்கள். போர்வையை வேலியில் போட்டார்கள், கையில் ஊதிக்கொண்டார்கள், வேனுக்குப் பின்னால் வரிசையாகப் போய், கால் ஊன்றி, தகரத்தில் கை வைத்துக் குனிந்தார்கள். "சொல்லுங்க இராயப்பண்ணே, நாங்க ரெடி" என்று யாரோ கத்தினார்கள்.

"அண்ணே" என்றாள் பின்னாலிருந்து மார்கிரட். வலியில் அவள் குரல் நசுங்கியிருந்தது. "இதுவும் அது மாதிரி ஆயிருமாண்ணே?"

பிளக் சூடாகும் வரைக்கும் காத்திருந்தான். சிலுவை போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினான்.

அந்த 'ங்ங்ங்' வரவில்லை. எஞ்சின் மளமளவென்று சுழன்றது, ஒருமுறை உறுமியது, பிடித்துக்கொண்டது. கிளச்சை விட்டதும் இராயப்பனே எதிர்பார்க்காத வேகத்தில் வேன் முன்னால் பாய்ந்தது. பின்னால் முழு பலத்தோடு தள்ளக் குனிந்திருந்தவர்களுக்குத் தள்ள ஒன்றும் இல்லாமல் போய், ஒருவர்மேல் ஒருவராக உறைபனிப் புல்லில் விழுந்தார்கள். கண்ணாடியில் இராயப்பனுக்குத் தெரிந்தது கையும் காலும்தான். அப்புறம் அந்தக் குவியலிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. தேர் இழுக்கும்போது எழுமே, அப்படி ஒரு சத்தம். விழுந்தவர்கள் விழுந்த இடத்திலிருந்தே கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

லிந்துலைப் பக்கம் பாதை நெளிய நெளிய, இசபெல் மார்கிரட்டின் தலையை மடியில் வைத்து ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தாள். "அண்ணி, கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள் மார்கிரட். "எஞ்சின் சத்தம் கேக்கணும் எனக்கு." நானுஓயா வந்தது. போன தடவை லொறியில் எல்லாம் முடிந்துபோன அந்த வளைவு வந்தது. இராயப்பன் பாதையை மட்டும் பார்த்தான். வளைவு பின்னால் போனது.

ஆஸ்பத்திரி முற்றத்தில் மார்கிரட்டைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டு போனார்கள். மத்தியாசும் இசபெல்லும் கூடவே ஓடினார்கள். இராயப்பன் இறங்கவில்லை. எஞ்சினை நிறுத்தவும் இல்லை. பனிக்காலத்தில் ஒருமுறை கிளப்பினால் உச்சிவெயில் வரைக்கும் அவன் நிறுத்துவது கிடையாது. உள்ளேயிருந்து ஏதாவது சொல்லி, வேறு எங்காவது கொண்டு போகச் சொன்னால்? ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். காவல்காரர் வந்து புகை அடிக்கிறது என்று சிங்களத்தில் முறைப்பட்டார். "தவ டிக்கக் மாத்தயா", இன்னும் கொஞ்ச நேரம் ஐயா என்று கெஞ்சிவிட்டு அப்படியே இருந்தான். வெயில் மேலேறிக் கூரையிலிருந்த பனியெல்லாம் சொட்டி முடிந்தது. வேன் ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசியில் இசபெல் படியில் ஓடி வந்தாள். முந்தானை ஒரு பக்கம், கொண்டை ஒரு பக்கம். கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னாள். டீசல் எஞ்சின் சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கன்னம் நனைந்திருந்தது மட்டும் தெரிந்தது.

"என்னா? என்னா சொல்ற?"

அவள் மறுபடியும் சொன்னாள். மறுபடியும் கேட்கவில்லை.

"மொதல்ல அத நிப்பாட்டுங்க!" என்று பிள்ளைக் காம்பராவை அதட்டுகிற குரலில் கத்தினாள்.

சாவியில் அவன் கை தயங்கியது. பிறகு திருப்பினான். முற்றம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதிக்குள், திறந்திருந்த ஏதோ ஒரு ஜன்னல் வழியாக, ஒரு பச்சைப்பிள்ளை தொண்டை கிழிய அழுகிற சத்தம் வந்தது.

"நம்மளுதுதான்" என்றாள் இசபெல். "பொம்பளப்புள்ள. வந்ததுலருந்து வாய மூடல."

இராயப்பன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு, அந்தப் பிள்ளையைவிடச் சத்தமாக அழுதான்.